பல்சக்கரத்தின் மேல் ஒரு வட்டம்

கல்யாணம் என்றாலே எனக்கு அலுப்பு வந்துவிடும். என் கல்யாணத்தைச் சொல்லவில்லை. ஊரார் கல்யாணங்களைச் சொல்கிறேன். எண்பதுகளின் நடுவில் ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடியோ கேமரா வைத்திருந்த சிலரில் நானும் ஒருவன். ஓய்ந்த நேரத்தில் டிவி ரிப்பேரும் பார்ப்பேன். கேமரா ஒரு தோளில், ரெக்கார்டர் மறு தோளில், பேட்டரி இடுப்பில். வத்திராயிருப்பில் மேளம் கொட்டினாலும் சேத்தூரில் மேளம் கொட்டினாலும் விடியுமுன் அங்கே போய் நின்றாக வேண்டும். தாலி கட்டுகிற நேரம் பார்த்து மணப்பெண்ணின் சித்தப்பா முதுகைக் காட்டிக்கொண்டு குறுக்கே வந்து நிற்பார். விலகச் சொன்னால் கோபம் வரும். சொல்லாமல் விட்டால், ஒரு மாதம் கழித்து கேசட்டைப் பார்த்துவிட்டு, "தாலி கட்டுனதே விழல, நீரு என்னத்த எடுத்தீரு?" என்று கேட்க அதே சித்தப்பாதான் வருவார்.

பத்து வருஷம் போல இதைச் செய்தேன். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தே நின்றுவிட்டது. கேமராவின் ரப்பர் வளையம் அழுத்தி அழுத்தி வலது கண்ணைச் சுற்றிக் கறுத்துப் போனது. மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் சண்டை போட்டுக்கொண்டால் இரண்டு பக்கமும் என்னைத்தான் திட்டினார்கள். ஒரு பக்கத்தை அதிகமாக எடுத்துவிட்டேனாம். தூக்கம் கெட்டது, சாப்பாடு கெட்டது, இவற்றோடு என் சுபாவமும் கெட்டது. அதற்கு முன்னால் நான் இவ்வளவு சிடுசிடுப்பான ஆள் இல்லை என்று என் மனைவி சொல்வாள். கல்யாணமான புதிதில் நான் எப்படி இருந்தேன் என்று எனக்கு நினைவில்லை.

எங்கள் வீடு கிறிஸ்தவ வீடு. ஊரில் முகூர்த்தங்கள் எல்லாரும் வர வசதியாக இருக்கும் என்று ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வைக்கப்படும். ஆகையால் என் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தனியாகத்தான் கோவிலுக்குப் போய் வருவாள். கோவில் என்று நாங்கள் சொல்வது சர்ச்சைத்தான். போதகர் என்னைக் கடைத்தெருவில் பார்த்தால், "உங்களப் பார்க்கணும்னா நானும் ஒரு கல்யாணம் வைக்கணும் போல" என்பார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். உள்ளுக்குள் எரிச்சலாக இருக்கும்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். இனி ஒரு கல்யாணத்திலும் கேமரா தூக்கக் கூடாது. வேறு எந்த வேலையானாலும் சரி. கர்த்தரிடம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், கோவிலுக்குப் போகாமலே.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் மத்தியானம் முன்பின் தெரியாத ஒரு தம்பி என் ஸ்டூடியோவுக்கு வந்தார். முப்பதுக்குள் வயது, தடிமனான கண்ணாடி, சட்டைப் பையில் மூன்று பேனா. ராஜபாளையத்தில் மில் வைத்திருக்கிற குடும்பம். வீட்டில் தெலுங்கு, வெளியே நம் தமிழ், யோசிக்கும்போது இங்கிலீஷ். அமெரிக்காவில் படித்து முடித்து அங்கேயே கொஞ்ச நாள் வேலையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர். வந்தவர் கேட்டது என்னவென்றால், "அண்ணாச்சி, கேமராவுல கண்ண வச்சுப் பார்ப்பீங்களே, உள்ளுக்குள்ள குட்டி டிவி மாதிரி ஒண்ணு இருக்குமே, அது மட்டும் தனியா கிடைக்குமா?"

கேமராவை விற்கிறவனைப் பார்த்திருக்கிறேன், வாடகைக்குக் கேட்கிறவனைப் பார்த்திருக்கிறேன். கண்ணை மட்டும் பிடுங்கிக் கொடு என்று கேட்டவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். எதற்கு என்றேன். அவர் ஸ்கெட்ச் பேனாவை எடுத்து என் கடையின் முன்பக்கக் கண்ணாடியில் ஒரு வட்டம் போட்டார். என் தோளைப் பிடித்துக் கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி என்று நகர்த்தி நிறுத்தினார். எதிர் டீக்கடையின் பால் சட்டி சரியாக அந்த வட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தது.

"இப்ப செத்த நகருங்க" என்றார். நகர்ந்தேன். வட்டத்துக்குள் சட்டி போய் டீ ஆற்றுகிறவரின் வயிறு வந்தது.

"நீங்க எங்க நகர்ந்தாலும் வட்டம் சட்டிய விட்டு நகரக் கூடாது. அதத்தான் செய்யப் போறேன். தலையில மாட்டிக்கிட்டா போதும். எதிர்ல இருக்கிற சாமான் மேலயே எழுத்து தெரியும், கோடு தெரியும். எந்த நட்டக் கழட்டணும், எந்தச் சக்கரத்த மாத்தணும்னு அதுவே காட்டும்."

அதற்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் சொன்னார். எனக்கு வாயில் நுழையவில்லை. கடைசி வரைக்கும் நாங்கள் அதைத் தொப்பி என்றுதான் சொன்னோம். அவருடைய மாமா நடத்தும் நூற்பு மில்லில், நூலின் பருமனை மாற்றும்போதெல்லாம் மெஷினின் ஓரத்தில் உள்ள பல்சக்கரங்களில் சிலவற்றைக் கழற்றி வேறு மாட்ட வேண்டுமாம். தப்பான சக்கரத்தை மாட்டிவிட்டால் அந்த மெஷினின் நூல் முழுதும் பாழ். சக்கரம் மாற்றுகிற பிட்டர்களில் புதிதாக வந்தவர்கள் தடுமாறுகிறார்கள். தொப்பி இருந்தால் தடுமாற மாட்டார்கள். மாமா தன் மில்லில் ஒரு மெஷினைக் காட்டி, அதில் செய்து காட்டு, பிறகு பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார். "டிவி ரிப்பேரும் தெரிஞ்ச, கேமராவும் தெரிஞ்ச ஒரு ஆள் வேணும் அண்ணாச்சி. மாசச் சம்பளம். ஞாயித்துக்கிழம லீவு."

அவர் வட்டம் போட்டுக் காட்டியபோதே எனக்குப் பாதி மனசு போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை லீவு என்றதும் மீதியும் போய்விட்டது.

வீட்டில் சொன்னேன். என் மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "அது எதுக்கு, மெஷினப் பார்க்க தொப்பி?" என்று கேட்டாள். விளக்கினேன். புரிந்ததோ இல்லையோ, "சரி, பாருங்க" என்று சொன்னாள். அவள் சரி என்று சொன்னதை நான் முழுச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

ராஜபாளையத்தில் மருத்துவமனைக் கட்டுத்துணி விற்கிற ஒரு கடையின் மாடியை வாடகைக்குப் பிடித்திருந்தார். ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், சத்தம் மட்டும் போடும் ஒரு மின்விசிறி. அவர், நான், அவ்வளவுதான் கம்பெனி. தினமும் காலையில் பஸ் ஏறிப் போவேன். மில் ஷிப்டுக்குப் போகிறவர்களோடு நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே திரும்புவேன். முதல் சில மாதங்கள் அந்த நெரிசல்கூட எனக்குப் பிடித்திருந்தது. யாருடைய சித்தப்பாவையும் படம் பிடிக்க வேண்டியதில்லை அல்லவா.

தொப்பியை நாங்கள் செய்த விதத்தைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் ஒன்று. அதன் வலது பக்கத்தில் கேமராவின் குட்டி டிவி. வலது கண்ணுக்கு முன்னால் சாய்வாக ஒரு கண்ணாடித் துண்டு. கார் கண்ணாடிக்கு ஒட்டுவார்களே கூலிங் பேப்பர், அதை ஒட்டினோம். எதிரே இருப்பதும் தெரியும், குட்டி டிவியில் ஓடுவதும் பட்டுத் தெரியும். தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரிய வேண்டுமே? அதற்காக ஹெல்மெட்டின் உச்சியிலிருந்து முட்டி முட்டியாக மடங்கும் ஒரு இரும்புக் கம்பி மெஷினோடு போய்ச் சேரும். ஒவ்வொரு முட்டியிலும் ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு ஒன்று. தலை ஆடினால் திருகு திரும்பும், திருகு திரும்பினால் கம்ப்யூட்டர் வட்டத்தை நகர்த்தும். மாட்டிக்கொண்டு நின்றால் தலையில் போர்வெல் போடுகிற மாதிரி இருக்கும்.

முதலில் வாங்கிய குட்டி டிவி ஒரே வாரத்தில் புகைந்துவிட்டது. மதுரையில் தேடினோம், கிடைக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க மாதக்கணக்கில் ஆகும் என்றார் தம்பி. மறுநாள் என் கேமராவைப் பையில் வைத்து எடுத்துப் போனேன். அவர் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல நானே திருப்புளியை எடுத்துக் கழற்றினேன். அப்போது எனக்கு வருத்தமாக இருந்திருக்க வேண்டும் என்று எல்லாரும் நினைப்பார்கள். இல்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பத்து வருஷம் என் கழுத்தில் உட்கார்ந்திருந்த சாமான் அது. அது மேஜையில் துண்டு துண்டாகக் கிடந்ததைப் பார்த்து நான் டீ வாங்கிக் குடித்தேன்.

ஆனால் வேலை நகரவில்லை. இரண்டு வருஷத்தைக் கூட்டிப் பெருக்கிப் பார்த்தால், வட்டத்தின் நடுக்கத்தை நிறுத்தப் பட்ட பாடுதான் பெரும் பகுதி. திருகுகளில் தூசி ஏறினால் வட்டம் காய்ச்சல்காரன் கை மாதிரி நடுங்கும். கழற்றி மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினால் இரண்டு நாள் அடங்கும். கரண்டு போனால் தம்பி எழுதிக்கொண்டிருந்த கணக்கெல்லாம் கம்ப்யூட்டரிலிருந்து அழிந்து போகும். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு தெலுங்கில் ஏதோ சொல்வார். திட்டுகிறாரா ஜெபம் பண்ணுகிறாரா என்று எனக்குப் பிடிபடாது. பிறகு என்னைப் பார்த்து, "இன்னும் ரெண்டு மாசம் அண்ணாச்சி" என்பார். இந்த இரண்டு மாசத்தை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேனோ. முதலில் நம்பிக் கேட்டேன், பிறகு பழகிக் கேட்டேன், கடைசியில் மின்விசிறிச் சத்தத்தோடு சேர்ந்த சத்தமாகக் கேட்டேன்.

அலுப்பு இங்கேயும் வந்து சேர்ந்துவிட்டது. அதை வெளியே சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. கல்யாணத்திலிருந்து தப்பித்து ஓடி வந்தவன் இங்கேயும் அலுத்துக்கொண்டால் குறை கல்யாணத்தில் இல்லை, என்னிடம் இருக்கிறது என்றாகிவிடுமே. அதனால் வாயை மூடிக்கொண்டு திருகுகளைக் கழுவினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலுக்குப் போய் ஆண்கள் பக்கம் உட்கார்ந்து பிரசங்கத்தின்போது தூங்கினேன். பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி முறைப்பாள். முழித்துக்கொள்வேன். தூங்கினாலும் அங்கே வந்து தூங்கினேன் என்பதில் அவளுக்குத் திருப்திதான் என்று பார்த்தாலே தெரியும்.

ஒரு வழியாக வட்டம் நின்றது. மாடியில் பழைய மெஷின் ஒன்றின் பல்சக்கரங்களை ஒரு சட்டத்தில் மாட்டி வைத்திருந்தோம். தொப்பியை மாட்டிக்கொண்டு குனிந்தாலும் நிமிர்ந்தாலும், மாற்ற வேண்டிய சக்கரத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு வட்டம் நிற்கும். பக்கத்தில் அதன் பல் எண்ணிக்கையும் தெரியும். தம்பி மாட்டிப் பார்த்தார், நான் மாட்டிப் பார்த்தேன், மாறி மாறி மாட்டிப் பார்த்தோம். கீழே கட்டுத்துணிக் கடைக்காரர் வந்து பார்த்தார். "இடது கண்ண மூடிக்கோங்க அண்ணாச்சி" என்று சொல்லி மாட்டிவிட்டேன். "அட, ஆமா!" என்றார். அன்றைக்குத் தம்பி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். இனி என் வாழ்நாளில் தவில் சத்தம் கேட்டால் அது பக்கத்து வீட்டுக் கல்யாணமாக மட்டும்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா நாள் சொன்னார். போகிற வழியெல்லாம் தம்பி என்னிடம், "இது ஒண்ணுதான் அண்ணாச்சி. மாமா சரின்னாருன்னா நாலஞ்சு மில்லுல கேப்பாங்க. இல்லன்னா கடையச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மில்லுக்குள் நுழைந்தால் காது அடைத்துவிடும். பக்கத்தில் நிற்பவரிடமும் கத்தித்தான் பேச வேண்டும். பஞ்சுத் துகள் பறந்து தலையெல்லாம் வெளுத்துப் போகும். எங்களுக்காக ஒரு மெஷினை மட்டும் நிறுத்தி அதன் ஓரத்து மூடியைத் திறந்து வைத்திருந்தார்கள். மாமா வெள்ளை வேட்டி சட்டையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் பிட்டர் ஒருவர், ஐம்பதை ஒட்டிய ஆள், கையில் ஸ்பானரோடு. மெஷின் நின்றதால் கை ஓய்ந்த பெண்கள் கொஞ்சம் தள்ளி வேடிக்கை பார்த்தார்கள்.

முதலில் தம்பி மாட்டினார். சக்கரத்தைச் சரியாகத் தொட்டுக் காட்டினார். அடுத்து நான். நானும் சரியாகத் தொட்டேன். மாமா தலையை ஆட்டினார். "இப்ப இவரு மாட்டட்டும்" என்று பிட்டரைக் காட்டினார்.

பிட்டர் தொப்பியை அவரே எடுத்து மாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் உள்ளே உற்றுப் பார்த்தார். கையை நீட்டினார். கை பக்கத்துச் சக்கரத்துக்குப் போனது. நிறுத்தினார். வேறு ஒன்றுக்குப் போனது. மறுபடி நிறுத்தினார். "வட்டம் நிக்க மாட்டேங்குதே சார். ஒரு சமயம் இங்கன இருக்கு, ஒரு சமயம் அங்கன போவுது. ஒரு சமயம் ஆளையே காணோம்."

தம்பி கம்பியைச் சரி செய்தார். நான் திருகை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். தம்பி மறுபடி மாட்டினார்; வட்டம் நின்றது. நான் மாட்டினேன், நின்றது. பிட்டர் மாட்டினார், ஓடியது. இப்படியே மூன்று சுற்று. தம்பியின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. பிட்டர் தொப்பியைக் கழற்றி, தலை சுற்றுகிறது என்று மெஷினைப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் அந்தப் பெண்களில் ஒருத்தி பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். மில்லில் வேலை பார்த்துப் பழகிய தொண்டை, எங்கள் எல்லாருக்கும் கேட்டது. "ஏட்டி, அந்த ரெண்டு பேரும் தொப்பிய மாட்டுனதும் நம்மளப் பார்த்துக் கண்ணடிக்காவ பாரு!"

எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். நான் தம்பியைப் பார்த்தேன். தம்பி என்னைப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

கல்யாண வீடியோ எடுக்கிறவன் கண்ணருகில் எது வந்தாலும் இடது கண்ணை மூடிவிடுவான். மூடுகிறோம் என்ற நினைப்பே இருக்காது; வலது கண்ணில் ரப்பர் பட்டால் இடது இமை தானாக இறங்கிவிடும். எத்தனையோ மாப்பிள்ளைத் தோழர்கள் என் கேமராவுக்குள் எட்டிப் பார்க்கக் கேட்டிருக்கிறார்கள். எல்லாரிடமும் ஒரு கண்ணை மூடிக்கொள்ளத்தான் சொல்லியிருக்கிறேன். தம்பியும் என்னோடு இருந்து குட்டி டிவிக்குள் பார்த்துப் பார்த்து அதே பழக்கத்துக்கு வந்துவிட்டார். மாடிக்கு வந்தவர்களுக்கெல்லாம் நாங்களே சொல்லி மூட வைத்துவிட்டோம். இரண்டு வருஷம், அந்தத் தொப்பிக்குள் இரண்டு கண்ணும் திறந்து பார்த்த ஆள் ஒருவர்கூட இல்லை. பிட்டர் பாவம், மனுஷன் பார்க்கிற மாதிரி பார்த்தார். ஒரு கண்ணில் வட்டம், மறு கண்ணில் வட்டமில்லாத சக்கரம். எதை நம்புவது என்று தெரியாமல் அவர் கண் அலைந்திருக்கிறது.

தம்பி விடவில்லை. "இடது கண்ண மட்டும் மூடிப் பாருங்க" என்று பிட்டரிடம் சொன்னார். அவருக்கு ஒரு கண்ணை மட்டும் மூட வரவில்லை. மூடினால் இரண்டும் சேர்ந்து மூடுகின்றன. பெண்கள் பக்கமிருந்து மறுபடி சிரிப்பு. கடைசியில் அவருடைய துண்டையே மடித்து இடது கண்ணின் மேல் கட்டினோம். "இப்ப நிக்கு சார், நல்லா நிக்கு" என்றார். எனக்கு உயிர் வந்தது. வட்டத்துக்குள் இருந்த சக்கரத்தைச் சரியாகக் கண்டுபிடித்து ஸ்பானரை நீட்டினார்.

ஒற்றைக் கண்ணால் பார்த்தால் எது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பிடிபடாது. கேமராவோடு பின்னால் நகரும்போது ஊஞ்சலிலும் குத்துவிளக்கிலும் முட்டிக்கொண்டவன் நான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அன்றைக்குத் தோன்றவில்லை. அவருடைய ஸ்பானர் நட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே திரும்பி வழுக்கியது. கை போய்ச் சக்கரத்தின் பல்லில் உரசி விரல் முட்டியில் தோல் வழண்டுவிட்டது. பெரிய காயம் இல்லை. அவர், "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டு துண்டை அவிழ்த்து அதையே கையில் சுற்றிக்கொண்டார். வெள்ளைத் துண்டில் ரத்தம் ஊறியது.

மாமா கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நிதானமாக, தம்பியின் காதருகே வந்து சொன்னார்: "ரெண்டு கண்ணும் நல்லா இருக்கிற மனுஷனுக்கு ஒரு கண்ணக் கட்டிவிட்டு மெஷினுக்குள்ள கைய விடச் சொல்லுத. இது நிறுத்தி வச்ச மெஷின், சரி. நாளைக்கு எவனாவது இதோட ஓடுற மெஷின்கிட்டப் போனா? வேண்டாம்ப்பா. விட்டுரு." பிட்டரை மருந்து போட அனுப்பினார். பெண்கள் அவரவர் இடத்துக்குப் போனார்கள். நாங்கள் கம்பியைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே மெஷினை ஓட்ட ஆள் வந்து காத்து நின்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் தொப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். "ரெண்டு கண்ணுக்கும் ரெண்டு டிவி வச்சா சரியாயிரும் அண்ணாச்சி" என்றார் தம்பி. சரியாகத்தான் இருக்கும் என்று எனக்கும் தெரியும். அதற்கு எடை இரண்டு மடங்கு, கம்பி இரண்டு மடங்கு, அந்த 'ரெண்டு மாசம்' எத்தனை மடங்கோ. தான் சொன்னதைத் தம்பியே நம்பவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அந்தப் பெண் மேல்தான் கொஞ்ச நாள் காரணமில்லாமல் கோபமாக இருந்தது. அவள் சொல்லியிருக்காவிட்டாலும் யாராவது சொல்லியிருப்பார்கள்.

ஒரு மாதத்துக்குள் மாடியைக் காலி செய்தோம். தம்பிக்கு மறுபடி அமெரிக்காவில் வேலை கிடைத்துவிட்டது. கடைசி நாளன்று அவரே உட்கார்ந்து தொப்பியிலிருந்து குட்டி டிவியைக் கழற்றி, என் கேமராவில் ஒவ்வொரு கம்பியாகப் பற்றவைத்து மாட்டிக் கொடுத்தார். அவருக்குப் பற்றவைப்பு சுமாராகத்தான் வரும். நான் செய்கிறேன் என்றேன், விடவில்லை. ஓட்டிப் பார்த்தோம், வேலை செய்தது. "உங்க காலத்த வீணாக்கிட்டேன் அண்ணாச்சி" என்றார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி" என்று சொன்னேன். பொய்தான். ஆனால் அன்றைக்கு அவரிடம் சொல்ல வேறு உண்மை எதுவும் என்னிடம் இல்லை.

கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். வாசலில் ஒருவர் சைக்கிளைப் பிடித்தபடி என் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தார். சுந்தரபாண்டியத்துக்காரர். முன்னொரு தடவை அவர் அண்ணன் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்திருக்கிறேன். என்னைக் கண்டதும், "வாங்க வாங்க, ராஜபாளையத்து வேல முடிஞ்சிட்டா? தங்கச்சிக்குத் தை மாசம் கல்யாணம் கூடியிருக்கு. நீங்கதான் எடுக்கணும்னு வீட்டுல ஒரே பிடிவாதம். போன தடவ வந்தப்ப, கொஞ்ச நாள்ல முடிஞ்சிரும், வந்து பாருங்கன்னு மதினி சொன்னாவ" என்றார்.

அவரை வாசலிலேயே நிற்கவிட்டு உள்ளே போனேன். என் மனைவி பின்னாலேயே வந்தாள்.

"இவருகிட்ட மட்டும்தான் இப்படிச் சொன்னியா?"

"வந்த எல்லார்ட்டயும்தான் சொன்னேன்."

"நான் கேமராவ விட்டுட்டேன்னு சொல்லல?"

"சொல்லல. அப்படிச் சொன்னா பொறவு யாரு தேடி வருவா?"

"அப்ப இந்த வேல நிலைச்சு நிக்காதுன்னு உனக்கு முதல்லயே தெரிஞ்சிருக்கு."

"எனக்கு என்ன தெரியும்? ஜெபத்துல அந்த வேல நிலைச்சு நிக்கணும்னுதான் கேட்டேன். ஒரு நாள் விடாமக் கேட்டேன்." அவள் குரல் இறங்கிவிட்டது. "வாசல்ல வந்தவியகிட்டதான் அப்படிச் சொன்னேன். பிள்ளைக இருக்குல்லா."

எனக்கு ஆத்திரமாக வந்தது. இரண்டு வருஷமாக நான் அந்த வாழ்க்கையை முடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்க, இவள் அதன் கதவைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறாள். கத்த வேண்டும்போல இருந்தது. கத்த வாயைத் திறந்தபோதுதான் எனக்கே தெரிந்தது, எனக்குள் ஒரு பெரிய நிம்மதி வந்து உட்கார்ந்துவிட்டிருந்தது. நாளைக்கு என்ன செய்வது என்ற பயம் மில்லிலிருந்து வந்த நாள் முதல் நெஞ்சில் கிடந்தது, அது போய்விட்டது. அந்த நிம்மதிதான் எனக்கு எல்லாவற்றையும்விட அவமானமாக இருந்தது.

"வாசல்லயே நிக்காரு, பாவம்" என்றாள் அவள்.

வெளியே போய் அவரை உள்ளே வரச் சொன்னேன். அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். என் மனைவி காப்பி போடப் போனாள். நானும் உட்கார்ந்து, முகூர்த்தம் எத்தனை மணிக்கு, மண்டபமா வீடா, குறுக்கே வந்து நிற்கிற சித்தப்பா யாராவது உண்டா என்று கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.